போத்தல் கண் வைத்த முகம்

யோகாம்பாள் கண்ணாடி வகுப்பில் சேர்ந்ததற்குக் கலையில் இருந்த ஆசைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அங்கே கதிரை போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. சிலாபத்தில் கருவாட்டைக் கொடுத்துவிட்டு, உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தவள், மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து ஏதோ வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். உட்கார்ந்துகொண்டு செய்யும் வேலையும் உலகத்தில் இருக்கிறதா என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே இருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "வாங்க, வந்து இருங்க" என்றாள். இருங்க என்று யாரும் அவளிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் போய் இருந்துவிட்டாள்.

கடலோரத் தமிழ்க் கிராமமான உடப்பில் பிறந்து, உடப்பிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயது முப்பத்தெட்டு. புருஷன் பரமலிங்கம் கடல் தொழிலாளி. ஒரே மகள் இரஞ்சிதம். யுத்தம் தொடங்கி, கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், இருட்டுமுன் கரைக்குத் திரும்ப வேண்டும், இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக்கூடாது, இந்த எஞ்சினுக்கு மேல் பூட்டக்கூடாது என்று நேவிக்காரர் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டபோது, பரமலிங்கத்தின் வள்ளம் கடலில் நின்ற நேரத்தைவிடக் கரையில் கிடந்த நேரம் கூடிப்போயிற்று. கடலில் மீன் இருந்தது, போகத்தான் விடவில்லை. அப்போதுதான் யோகாம்பாள் குவைத்துக்குப் போனாள். இரஞ்சிதத்துக்கு அப்போது ஐந்து வயது. ஒருமுறை போய் வந்தாள். பிறகு இன்னொரு முறை.

குவைத்தில் அவள் வேலை பார்த்த வீட்டில் கதிரைகளுக்குக் குறைவில்லை. தங்கப்பூச்சுக் கால் வைத்த கதிரை, சுழலும் கதிரை, பட்டுத் துணி போட்ட நீளக் கதிரை. எல்லாவற்றையும் யோகாம்பாள்தான் துடைத்தாள். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிகளும் சுவர்ச்சுவராக இருந்தன. அவற்றையும் அவளே துடைத்தாள். வேலைக்காரி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது வீட்டுக்காரிக்குப் பிடிக்காது. ஆகவே கண்ணாடியைப் பார்க்காமலே கண்ணாடி துடைக்கும் வித்தையை அவள் கற்றுக்கொண்டாள். துணியைப் பார்க்க வேண்டும், கறையைப் பார்க்க வேண்டும், அதற்குப் பின்னால் ஆடுகிற முகத்தைப் பார்க்கக்கூடாது.

திரும்பி வந்ததும் கொஞ்சம் படுக்கலாம் என்று நினைத்திருந்தாள், பாவம். அவள் இல்லாத வருஷங்களில் வீட்டையும் பிள்ளையையும் பார்த்தவள் பரமலிங்கத்தின் தமக்கை ராசம்மா. யோகாம்பாள் வந்து இறங்கிய மறுநாள் காலையில், ராசம்மா அலுமாரித் திறப்புக் கொத்தை அவள் கையில் வைத்து, "இந்தா யோகம், இனி உன்ர பாடு. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்று பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். அதில் குறை சொல்லவும் ஏலாது. அந்த வீட்டில் களைத்தவர்கள் ஒருவர் இருவரல்ல, எல்லாருக்கும் படுக்க ஆசை, ஒருவர் எழும்பினால்தான் மற்றவர் படுக்கலாம்.

இப்போது மூன்றாவது பயணத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை சவூதி. புத்தளத்திலிருந்து ஏஜென்ட் வந்து போய்க்கொண்டிருந்தார். வைத்தியப் பரிசோதனை முடிந்துவிட்டது. அம்மன் கோயில் தீமிதிப்பு முடிய விமானம். வளவுக்குள் புது வீட்டின் சுவர்கள் யன்னல் உயரத்துக்கு எழும்பி, அதற்கு மேல் எழும்பாமல் நின்றன. "இன்னும் ஒரு தரம் போய் வந்தா கூரை போட்டிரலாம்" என்பான் பரமலிங்கம். ஒரு தரம் என்பதை அவன் சொல்லும் விதத்தைக் கேட்டால், சிலாபம் சந்தைக்குப் போய் மத்தியானத்துக்குள் திரும்பி வருவதுபோல இருக்கும்.

யோகாம்பாளுக்குப் போக விருப்பமில்லை. விருப்பமில்லை என்பதைவிட, ஏலாது. உடம்புக்குள் எங்கோ ஒரு கயிறு அறுந்துபோயிருந்தது, எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அதை வாயால் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லாத வரைக்கும் அந்த வீட்டில் அது ஓம்தான்.

கண்ணாடி வகுப்புக்கு வீட்டில் தடை வரவில்லை. ஏதாவது கைவேலை படித்த சான்றிதழ் இருந்தால் நல்ல வீடாகக் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். கண்ணாடியை உருக்கத் தெரிந்த வேலைக்காரி சவூதியில் யாருக்குத் தேவை என்று யாரும் கேட்கவில்லை. யோகாம்பாளும் வாயைத் திறக்காமல் கதிரைக்குப் போய் வந்தாள்.

வகுப்பு நடத்தியவள் யூஜீனியா மிஸ். சிலாபத்துப் பெண். அவளும் வெளிநாட்டில் உழைத்து வந்தவள்தான், ஆனால் இத்தாலியில். படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிப் பட்டறை. கிழவி தூங்கும் நேரம் அங்கே போய் நின்று, முதலில் கூட்டிப் பெருக்கி, பிறகு வெட்டப் பழகி, கடைசியில் சூளையும் பார்க்கப் பழகிவிட்டாள். கிழவி கண்ணை மூடியதும், பெரிய சோற்றுப் பானை அளவுள்ள ஒரு மின்சாரச் சூளையையும் நாலைந்து டின் வண்ணப் பொடியையும் கப்பலில் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். தமிழும் சிங்களமும் கலந்து படபடவென்று கதைப்பாள். அவளுக்கும் படிப்பித்துப் பழக்கமில்லை. மாணவிகள் விட்ட பிழைகளில் பாதி அவளுக்கே புதிதாக இருக்கும்.

வேலை பார்ப்பதற்கு எளிது. யன்னல் கண்ணாடியை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வண்ணப் பொடியைத் தேத்தண்ணி வடியில் போட்டு மேலே தூவி, சூளைக்குள் வைத்து மூடுவது. சூட்டில் எல்லாம் இளகி ஒரே துண்டாகிவிடும். பிறகு சூளை தானாக ஆறும் வரைக்கும் திறக்கக்கூடாது. அடுத்த வகுப்பில்தான் திறப்பு.

யூஜீனியா மிஸ்ஸுக்கு ஒரேயொரு விஷயத்தில்தான் கோபம் வரும். வெட்டுகிற கண்ணாடி எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். "போத்தலை உடைச்சிக் கொண்டாந்து போடாதீங்க. போத்தல் கண்ணாடி வேற, யன்னல் கண்ணாடி வேற. சூட்டில ரெண்டும் நல்லா ஒட்டும். ஆறக்குள்ளதான் சண்டை. ஒண்டு கூடச் சுருங்கும், ஒண்டு குறையச் சுருங்கும். வெளிய பார்த்தா ஒண்டும் தெரியாது. உள்ளுக்குள்ள இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் பட்டெண்டு வெடிக்கும்." இரண்டு வகை ஒரே சூளையில் ஒத்துப்போகாது என்ற கதையை அந்த யுத்த காலத்தில் கொஞ்சம் சத்தம் குறைத்துத்தான் கதைக்க வேண்டும். மிஸ் அதையும் உரக்கத்தான் சொன்னாள்.

முதல் வேலையாக எல்லாரும் தங்கள் முகத்தையே செய்ய வேண்டும் என்றாள். ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தாள். "வேற ஆளின்ர முகம் எண்டா அந்த ஆள் அசையாம இருக்க வேணும். உங்கட முகம் எண்டா உங்களோடயே இருக்குதுதானே."

மற்றப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடி பார்த்தார்கள், பொட்டைச் சரி செய்தார்கள். யோகாம்பாள் கண்ணாடியைக் கையில் எடுத்ததும் பழக்கதோஷத்தில் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்தில் வந்த மிஸ், "பாருங்க யோகம், துடைச்சது காணும்" என்ற பிறகுதான் மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

முதலில் அது தன் முகமாகவே படவில்லை. பாஸ்போட் படத்தில் இருந்தவளுக்கும் இவளுக்கும் தூரத்து உறவு இருக்கலாம். கன்னம் உள்ளே போயிருந்தது. வாயின் இரு ஓரமும் கீழே சரிந்திருந்தன. கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இரண்டு பை. நெற்றியில் இரண்டு கோடு, அவை சும்மா இருக்கும்போதும் போகவில்லை. இது எப்போது வந்தது என்று யோசித்தாள். குவைத்திலா, வந்த பிறகா? அத்தனை கண்ணாடி துடைத்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று. அவளுக்குத் தன்மேலே இரக்கமாக வந்தது. அந்த இரக்கம் புதிதாக இருந்தபடியால் என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். கையகல வட்டமாகக் கண்ணாடியை வெட்டினாள். மெல்லிய துண்டொன்றை மூக்காக வைத்தாள். கறுப்புப் பொடியில் தலைமயிர், நடுவில் வகிடு. கண் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே சாம்பல் பொடியைத் தூவினாள். கை கொஞ்சம் கூடிப்போயிற்று. "ஊதிக் குறைச்சிடுங்க, யோகம். வயசு போன ஆள் மாதிரித் தெரியும்" என்றாள் மிஸ்.

"இருக்கட்டும் மிஸ். கூடினதில்ல, சரியான அளவுதான்."

எல்லார் முகமும் சூளைக்குள் போயின. அடுத்த வகுப்பில் திறந்தபோது மற்றவர்களின் முகங்கள் கோணலும் மாணலுமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. யோகாம்பாளின் முகத்தில் கண்ணே இல்லை.

மிஸ் திகைத்துப்போனாள். "என்ன இது? கண் வைக்க மறந்திட்டீங்களா?"

"மறக்கேல்ல மிஸ். கண் கடைசியிலதானே திறக்கிறது."

"ஆர் சொன்ன?"

"கோயில்ல அப்பிடித்தானே. சிலை முழுக்க முடிச்ச பிறகுதான் கண் திறப்பாங்க. முதல்ல கண் வைச்சா, அரைகுறை உடம்போட அது எங்களைப் பார்க்குமெல்லோ."

யூஜீனியா மிஸ் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். "ஐயோ கடவுளே, நீங்க என்ன அம்மனையா செய்யிறீங்க? எல்லாத்தையும் ஒண்டாத்தானே வைக்க வேணும்!" பிறகு யோசித்து, பிழையில்லை, கண்ணை வைத்து இரண்டாம் முறை சூளையில் போடலாம் என்றாள். கறுப்புப் பொடி டின்னை எடுத்து நீட்டினாள்.

யோகாம்பாள் கறுப்புப் பொடியில் கொஞ்சம் தூவிப் பார்த்தாள். பொம்மைக் கண்போல இருந்தது. தட்டிவிட்டுக் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தாள். அது கறுப்பில்லை, மண்ணிறம். மண்டபத்துக்குப் பின்னால் கிணற்றடியில் உடைந்த மண்ணிறப் போத்தல் ஒன்று கிடந்தது அவளுக்குத் தெரியும். தேத்தண்ணி ஊற்ற மிஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், போய் உளுந்தளவில் இரண்டு துண்டு உடைத்துக்கொண்டு வந்தாள். மிஸ் சொன்னது மறக்கவில்லை. ஆனால் உடப்பு அம்மனின் முகத்திலும் கண் வேறு, முகம் வேறு. கல்முகத்தில் வெள்ளிக் கண்மலர் வைத்துத்தான் அம்மன் இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அங்கே எதுவும் வெடிக்கவில்லை. கண் என்றால் வேறு பொருளில் இருப்பதுதான் முறை என்று அவளுடைய நினைப்பு. அம்மனைச் சூளையில் போட்டு எடுத்தவர் யாரும் இல்லை என்பது அவளுக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

அடுத்த முறை சூளையைத் திறந்தபோது வகுப்பே கூடி நின்று பார்த்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அந்த மண்ணிறக் கண்கள் இரண்டும் உருகிப் பரவி, ஓரத்தில் கொஞ்சம் கலங்கி, எதையோ நீண்ட நேரம் பார்த்து அலுத்துப்போனதுபோல இருந்தன. மூக்குக் கொஞ்சம் கோணல். அது பரவாயில்லை. கண்டவுடனே யோகாம்பாள் என்று சொல்லிவிடலாம்.

"கண் எங்கால எடுத்தது?" என்று மிஸ் கேட்டாள்.

"போத்தல்ல, மிஸ்."

மிஸ்ஸின் முகம் மாறியது. ஏசப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் ஏசவில்லை. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு நல்லா வந்திருக்கே" என்று பெருமூச்சு விட்டாள். "துணியில சுத்திக் கொண்டுபோங்க. வெயில் படாமப் பார்த்துக்கொள்ளுங்க. இண்டைக்கும் வெடிக்கலாம், நாளைக்கும் வெடிக்கலாம், எங்கட அதிர்ஷ்டத்துக்கு வெடிக்காமலும் போகலாம்."

யோகாம்பாள் அதைப் பழைய சட்டைத்துணியில் சுற்றி, பைக்குள் வைத்து, பஸ் ஏறினாள். வழியெல்லாம் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வீட்டில் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வாயால் சொல்ல வராததை இது சொல்லிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பரமலிங்கம் இதை ஒரு தரம் பார்த்தால் போதும், மூன்றாவது பயணம் பற்றிப் பேசமாட்டான்.

உடப்புப் பாதை திரும்புகிற சந்தியில் சோதனைச் சாவடி. பஸ் நின்றதும் எல்லாரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடக்க வேண்டும். பெண்களைச் சோதிக்கக் கிடுகால் அடைத்த சின்னக் கொட்டில். உள்ளே ஒரு பொலிஸ்காரப் பிள்ளை நின்றாள். இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். காலுக்குப் பெரிதான சப்பாத்து. யோகாம்பாளின் அடையாள அட்டையை வாங்கி உடப்பு என்ற விலாசத்தைப் பார்த்துவிட்டு, பையைத் திற என்று கை காட்டினாள். யோகாம்பாள் பையைத் தூக்கிப் பிடித்தாள்.

பைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

அந்தக் காலத்தில் பைக்குள் டிக் என்று கேட்டால் ஆரும் நின்று யோசிக்கமாட்டார்கள். பொலிஸ்காரப் பிள்ளை கூவிக்கொண்டு பாய்ந்து வெளியே ஓடினாள். கிடுகு பிய்ந்தது. வெளியே வரிசை கலைந்து, பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி, இறங்கியவர்கள் ஏறி, ஒரே அமளி. கொட்டிலுக்குள் யோகாம்பாள் மட்டும் பையும் கையுமாக நின்றாள். அந்தச் சந்தியில் அது என்ன சத்தம் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவர்கள் பயப்படுவது தன்னைக் கண்டுதான் என்று அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் எடுத்தது. அதற்குள் வெளியே துவக்குகள் நீண்டுவிட்டன.

பையை நிலத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். கையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். வந்தாள். மணலில் உட்காரச் சொன்னார்கள். கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாடி, கண்ணாடி என்று சிங்களத்தில் எத்தனையோ தரம் சொன்னாள். முகம் பார்க்கிற கண்ணாடியா என்று ஒருவன் கேட்டான். இல்லை, என் முகமே அதுதான் என்றாள். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அதிகாரி ஒருவர் வந்து, தூரத்தில் நின்றுகொண்டு, நீயே போய் அவிழ்த்துக் காட்டு என்றார். அவள் போய் அவிழ்த்தாள்.

முகம் இரண்டாகப் பிளந்திருந்தது. வெடிப்பு கன்னத்து ஓரத்திலிருந்து ஒரு கண்ணுக்கு வந்து, மூக்குக்கு மேலாக மற்றக் கண்ணுக்குப் போய், அங்கிருந்து நெற்றியால் வெளியேறியிருந்தது.

ஆமிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உயிர் பிழைத்தவனின் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். யோகாம்பாளுக்குச் சிரிக்கவும் வரவில்லை, கோபிக்கவும் வரவில்லை. இரண்டு துண்டையும் மடியில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள்.

பொலிஸ்காரப் பிள்ளைக்கு ஓடிய வெட்கம் போகவில்லை. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், பக்கத்தில் குந்தினாள். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாள். மடியில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு யோகாம்பாளைப் பார்த்தாள்.

"மேக்க ஒயாத?" இது நீங்களா என்று கேட்டாள்.

"ஒவ்." ஓம் என்றாள்.

அவள் ஒரு துண்டை எடுத்து, கண்ணுக்குக் கீழே இருந்த சாம்பல் நிறத்தை விரலால் தடவினாள். "ஹரி மஹன்சி மூணக்னே, அக்கே" என்றாள். சரியாகக் களைத்த முகம், அக்கா.

அந்த முகத்துக்குப் பக்கத்தில் பரமலிங்கம் படுத்தெழும்புகிறான். அதற்கு எதிரே உட்கார்ந்து மச்சாள் ராசம்மா சோறு தின்கிறாள். ஏஜென்ட் அதைத் திருப்பித் திருப்பிப் படம் எடுப்பித்தார். டொக்டர் அதைப் பார்த்துத்தான் சுகதேகி என்று முத்திரை குத்தினார். இவர்களில் ஒருவருக்கும் தெரியாமல் போன சங்கதியை, துவக்கோடு நிற்கிற இடத்தில், பெயர் தெரியாத ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. யோகாம்பாள் வாய்விட்டு அழுதாள். குவைத்துக்குப் போன நாளிலும் அப்படி அழுததில்லை.

பொலிஸ்காரப் பிள்ளை பதறிப்போனாள். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். தானும் விடிய வந்து நின்றது, இன்னும் கால் ஆறவில்லை என்றாள். பிறகு, தான் ஓடிய கதையை ஊரில் சொல்ல வேண்டாம் என்று மெல்லக் கேட்டுக்கொண்டாள். யோகாம்பாள் அழுகையோடு தலையாட்டினாள்.

அடுத்த பஸ் கிடைத்து அவள் வீட்டுக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. அவளுக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. உடப்பு யோகாம்பாளைக் குண்டோடு பிடித்துவிட்டார்களாம் என்று முதல் பஸ்ஸில் வந்தவர்கள் பரப்பிவிட்டார்கள். வாசல் படலையில் ராசம்மா தலையில் கை வைத்து நின்றாள். இரஞ்சிதம் ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். பரமலிங்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பயந்துதான் போயிருந்தான், அது உண்மை. ஆனால் வாயால் வந்தது வேறு.

"உன்ர பேரைப் பதிஞ்சவங்களா?"

"இல்ல."

"வடிவா யோசிச்சுச் சொல்லு. பொலிஸ்ல பேர் விழுந்திருந்தா பாஸ்போட்டுக்குக் கரைச்சல் வரும்."

யோகாம்பாள் வீட்டுக்குள் போனாள். மேசையில் துணியை விரித்து, இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தாள். ராசம்மா குனிந்து பார்த்து, "ஆர் இது? ஏதோ கிழவி மாதிரி இருக்கு" என்றாள். பரமலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடித் துண்டுக்காகவா இவ்வளவு பாடு?" என்றான்.

"அது அம்மா" என்றாள் இரஞ்சிதம்.

இருவரும் மறுபடியும் குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு நிமிர்ந்துவிட்டார்கள். கண்ணாடி சொல்லிவிடும் என்று யோகாம்பாள் நம்பியிருந்தாள். அது ஒன்றும் சொல்லாது, தானேதான் சொல்ல வேண்டும் என்று அப்போது அவளுக்கு விளங்கிற்று.

"நான் இனிப் போகமாட்டன்" என்றாள்.

"எங்க?"

"சவூதிக்கு. என்னால ஏலாது."

பரமலிங்கம் கதிரையில் உட்கார்ந்தான். ராசம்மா, "எல்லாம் முடிஞ்ச பிறகு இப்பிடிச் சொன்னா எப்பிடி யோகம்? கூரைக்கு என்ன செய்யிறது? அந்த ஏஜென்டுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று தொடங்கினாள். அவள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான்.

அப்போது இரஞ்சிதம், தாயின் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அம்மாவைப் பேசாதீங்க மாமி. அம்மாவுக்கு ஏலாட்டி நான் போறன்" என்றாள். "வயசைக் கூட்டிப் போட்டுப் பாஸ்போட் எடுக்கலாமாம்."

யோகாம்பாள் மகளைத் திருப்பி நிறுத்தினாள். "ஆர் சொன்ன உனக்கு?"

பிள்ளை தகப்பனைப் பார்த்தது. "அந்த ஏஜென்ட் மாமா. அண்டைக்கு அப்பாவோட கதைக்கக்குள்ள."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று யோகாம்பாள் புருஷனைக் கேட்டாள்.

பரமலிங்கம் நிலத்தைப் பார்த்தான். "நான் ஒண்டும் சொல்லேல்ல."

ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாததற்கு என்ன அர்த்தம் என்று யோகாம்பாளைவிட யாருக்குத் தெரியும்? களைப்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்க, அவளுக்கு ஆத்திரம் வந்தது. கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தாள், கத்தத் தென்பில்லை. வந்தது தாழ்ந்த குரல்தான்.

"இவளுக்குப் பதின்மூண்டு வயசு. இந்த வீட்டில இருந்து இனி ஒருத்தரும் போறதில்ல. நானும் இல்ல, இவளும் இல்ல. கூரை இல்லாட்டி இல்லாம இருப்பம். அந்த மனுசன் இனிப் படலைக்குள்ள கால் வைக்கக்கூடாது. நான் சொல்லிட்டன்."

சொல்லிவிட்டு மூலையில் இருந்த பாயை எடுத்து நடுவீட்டில் விரித்துப் படுத்துவிட்டாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ராசம்மா அந்தரப்பட்டாள். "யோகம், எழும்பு. விளக்கு வைக்கிற நேரத்தில படுக்காத. மூதேவி வந்திருவாள்."

"வரட்டும் மச்சாள்" என்றாள் யோகாம்பாள் கண்ணைத் திறக்காமல். "அவளும் ஒரு பக்கத்தில படுக்கட்டும்."

ராசம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் ஆளின் முகம் தெரியவில்லை. யாரும் எழும்பவில்லை. விளக்கை ஏற்றப் பரமலிங்கமே எழுந்து சாமித் தட்டடியில் தடவினான். குசினிக்குள் போனான். எதையோ தட்டிவிட்டான், அது உருண்டு ஓடிற்று.

"யோகம், நெருப்புப்பெட்டி எங்க கிடக்கு?"

இரஞ்சிதம் எடுத்துக் கொடுக்க எழுந்தாள். யோகாம்பாள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

"நெருப்புப்பெட்டி எங்க எண்டு கேக்கிறன்" என்றான் பரமலிங்கம் இருட்டுக்குள் நின்று.

உப்புச் சட்டிக்குப் பின்னால் இருந்தது. யோகாம்பாளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.